நீர் நச்சு வேலைக்கு அனெக்சின் கிட் வாங்கலாமா?

மைக்ரோசிஸ்டின், ஒகடாயிக் அமிலம் மாதிரி நீரில் உருவாகும் நச்சுகள் செல்லை எப்படிக் கொல்கின்றன என்று பார்க்கும் லேப்களில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் செல் சாவதை இரண்டு ஒளிரும் பொருள்களால் காட்டும் அனெக்சின் வி – புரோப்பிடியம் அயோடைடு கிட் ஏதாவது ஒரு தட்டில் இருக்கும். நானும் ரொம்ப நாளாக இதே வேலைக்குத்தான் இதைப் பயன்படுத்துகிறேன், கம்பெனி மாற்றியும் பார்த்துவிட்டேன். கம்பெனிப் பெயர் எதையும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் பெட்டிக்குள் இருப்பது எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த வகைக் கிட் நீர் நச்சு ஆராய்ச்சிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன், காரணம் கையேடுகளில் அது இருப்பதே இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், நல்ல பொருள், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஆனால் 24 மணி நேரம் கழித்து ஒரே ஒரு சாம்பிள் எடுத்து, அனெக்சின் ஏறியிருக்கிறது, ஆகவே இந்த நச்சு அப்போப்டோசிஸை (செல் திட்டமிட்டுத் தானே சாவதை) உண்டாக்குகிறது என்று எழுதுவதற்காக வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். இந்தக் கிட் செல் சவ்வில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்லும், செல் ஏன் செத்தது என்று சொல்லாது. நீர் நச்சுகளில் பல நேராகச் சவ்வையும் கால்சியத்தையும் செல்லின் எலும்புக்கூட்டையும் (செல்லுக்கு வடிவம் தரும் புரத இழைகளை) தாக்குபவை, அதனால் மற்ற துறைகளில் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம் நம் வேலையில் தலையாய பிரச்சினை ஆகிவிடுகிறது.

செத்த செல் செத்த செல்தானே, எப்படிச் செத்தால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். அப்போப்டோசிஸில் செல் சுருங்கி, தன்னைத்தானே சவ்வு மூடிய சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது, அவற்றை மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும், அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. நெக்ரோசிஸில் சவ்வு கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டி, சுற்றியுள்ள திசுவில் அழற்சி வரும். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் இருந்து, ரத்தத்தோடு நேராகக் கலந்து, கல்லீரல் செயலிழந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அந்த மாதிரி ஒரு நிலைமையில் எதையாவது தடுக்க முடியுமா என்று யோசிக்கவே, செல் எந்த வழியாகச் செத்தது, எந்த நிமிடம் வரை அதைத் திருப்பியிருக்க முடியும் என்று தெரிய வேண்டும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோவில் ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கிய மைக்ரோசிஸ்டினால் கிட்டத்தட்ட 5 லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னார்கள், கொதிக்க வைத்தாலும் இந்த நச்சு அழியாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் குடிக்கும் தண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற வகைக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஒரு அளவு பத்திரமானதா இல்லையா என்று வாதிடும் எல்லா இடத்திலும், கடைசியில் செல்லுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு வந்து நிற்போம். அங்கேதான் இந்தக் கிட் வருகிறது.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? மூன்று குப்பிகள். பச்சையாக ஒளிரும் எஃப்ஐடிசி சாயம் ஒட்டிய அனெக்சின் வி புரதம், சிவப்பாக ஒளிரும் புரோப்பிடியம் அயோடைடு, அப்புறம் செறிவாக வரும் பைண்டிங் பஃபர். உயிரோடு இருக்கும் செல்லில் ஃபாஸ்ஃபாடிடைல்செரீன் என்ற கொழுப்பு சவ்வின் உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். அப்போப்டோசிஸ் தொடங்கியதும் அது வெளிப்பக்கம் வந்துவிடும், கால்சியம் இருந்தால் அனெக்சின் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். புரோப்பிடியம் அயோடைடு சேதமில்லாத சவ்வைத் தாண்டாது, சவ்வு ஓட்டையானால்தான் உள்ளே போய் டிஎன்ஏவில் ஒட்டும். செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் நாலு கட்டங்களாகப் பிரிந்து வரும்: இடது கீழே உயிருள்ளவை, வலது கீழே பச்சை மட்டும் ஏறியவை, வலது மேலே இரண்டும் ஏறியவை, இடது மேலே சிவப்பு மட்டும் ஏறியவை, இந்தக் கடைசிக் கட்டத்தில் வழக்கமாகக் கொஞ்சம்தான் இருக்கும், அதிகமாக இருந்தால் செல்களைக் கையாண்டதில் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பயன்படுத்துவது எளிது என்பதுதான் இதன் பெரிய பலம். செல்களைக் கழுவி, பஃபரில் கலந்து, இரண்டு சாயத்தையும் சேர்த்து, அறை வெப்பநிலையில் இருட்டில் 15 நிமிடம் வைத்து, இன்னும் கொஞ்சம் பஃபர் ஊற்றி ஓட்ட வேண்டியதுதான். செல்லை ஃபிக்ஸ் பண்ண வேண்டாம், இரவு முழுக்க ஆன்டிபாடியில் ஊறவைக்க வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறோம், பத்தாயிரம் செல்லில் எத்தனை எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிகிறது. பாத்திரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு எண் தரும் எம்டிடி மாதிரி சோதனைகளில் இது கிடைக்கவே கிடைக்காது. செல்களில் பாதி முழுசாகச் செத்துவிட்டு மீதி நன்றாக இருக்கிறதா, இல்லை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டிருக்கின்றனவா என்பதை எம்டிடி பிரித்துச் சொல்லாது. அதுவும் எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, சாவை அல்ல. நச்சு செல்லை மந்தமாக்கினாலும் எண் குறையும்.

இனி, கையேட்டில் ஒரு வரியில் போய்விடும், ஆனால் நம் வேலையில் டேட்டாவையே தலைகீழாக்கும் விஷயங்கள்.

முதலாவது, மிதக்கும் செல்கள். ஒகடாயிக் அமிலமும் மைக்ரோசிஸ்டினும் பிபி1, பிபி2ஏ என்ற ஃபாஸ்ஃபடேஸ் என்சைம்களைத் தடுப்பவை. அவை தடைபட்டால் புரதங்களில் ஏறிய பாஸ்பேட் இறங்காமல் குவிகிறது, கெரட்டின், ஆக்டின் இழைகளின் அமைப்பு குலைகிறது, செல் உருண்டு தட்டிலிருந்து கழன்று மேலே மிதக்கிறது. கையேட்டில் மீடியத்தை எடுத்துவிட்டு செல்களைக் கழுவவும் என்று சர்வசாதாரணமாக எழுதியிருப்பார்கள். அப்படியே செய்தால் நச்சு அதிகமாகத் தாக்கிய செல்கள் எல்லாம் மீடியத்தோடு கழிவில் போய்விடும், மிச்சமிருக்கும் தெம்பான செல்களை அளந்துவிட்டு டோஸ் கூடியும் சாவு கூடவில்லையே என்று குழம்ப வேண்டியதுதான். பழைய மீடியம், கழுவிய பஃபர், கடைசியாகக் கழற்றிய செல்கள் மூன்றையும் ஒரே டியூபில் சேர்த்துத்தான் சென்ட்ரிஃப்யூஜ் போட வேண்டும். இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, செல்லைக் கழற்றும் முறை. தட்டில் ஒட்டிய செல்லைக் கழற்றும் டிரிப்சின் என்சைம் கலவையில் வழக்கமாக இடிடிஏ இருக்கும், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் அனெக்சின் ஒட்டாது. கொஞ்சம் மிச்சம் நின்றாலே பச்சை மங்கும். நேரம் கூடுதலாக டிரிப்சினில் விட்டால் எதிர்ப்பக்கமும் தவறும், நல்ல செல்லின் சவ்வும் காயப்பட்டுச் சாயம் ஏறும். மென்மையான என்சைம் கலவையில் கழற்றி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவி, அப்புறம் பைண்டிங் பஃபரில் போடுவதுதான் நல்லது. நச்சு கொடுக்காத செல்லிலேயே வலது கீழ் கட்டத்தில் கூட்டம் தெரிந்தால் கிட்டைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் படியைப் பாருங்கள்.

மூன்றாவது, நேரம். சாயம் போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். செல்கள் பஃபரில் இருக்கும்போதும் சாவு நின்றுவிடுவதில்லை, வரிசையில் கடைசியாக இருக்கும் டியூபில் செல்கள் ஒவ்வொன்றாக வலது மேல் கட்டத்துக்கு ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். நிறைய டோஸ், நிறைய நேரப்புள்ளி வைத்து ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கன்ட்ரோலை முதலிலும் கடைசியிலும் இரண்டு முறை ஓட்டுங்கள், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் மற்ற டியூப்களை எவ்வளவு நம்பலாம் என்றும் தெரிந்துவிடும்.

இப்போது நச்சு நச்சாகப் பார்ப்போம், இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

ஒகடாயிக் அமிலத்துக்கு இந்தக் கிட் அருமையாக வேலை செய்யும். 1981-ல் கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்ததாக அறிவித்தார்கள், ஆனால் உண்மையில் அதைத் தயாரிப்பது டைனோஃபைசிஸ், புரோரோசென்ட்ரம் வகை நுண்பாசிகள். அவற்றை வடிகட்டித் தின்னும் சிப்பிகளில் சேர்ந்து, சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ சிப்பி இறைச்சிக்கு 160 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. கொழுப்பில் கரையும் மூலக்கூறு என்பதால் தனியாக வாசல் எதுவும் தேவையில்லாமல் பெரும்பாலான செல்களுக்குள் போய்விடும். பல வகைச் செல்களில் அப்போப்டோசிஸை அழகாக உண்டாக்கும். சில மணி நேர இடைவெளியில் சாம்பிள் எடுத்தால், கூட்டம் இடது கீழிலிருந்து வலது கீழுக்கு நகர்ந்து, அப்புறம் மேலே ஏறுவதைப் படிப்படியாகப் பார்க்கலாம். அந்த நகர்வுதான் சாட்சி. கடைசி நேரப்புள்ளியை மட்டும் எடுத்தால் எல்லாம் வலது மேலே குவிந்திருக்கும், அப்போப்டோசிஸ் முற்றியதா, நேராக நெக்ரோசிஸா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மைக்ரோசிஸ்டின் வேறு கதை. ஏழு அமினோ அமிலம் வளையமாகச் சேர்ந்த மூலக்கூறு, தானாகச் சவ்வைத் தாண்டாது. கல்லீரல் செல்லில் இருக்கும் ஓஏடிபி என்ற கடத்திப் புரதங்கள்தான் அதை உள்ளே கொண்டுபோகின்றன, மற்ற உறுப்புகளைவிடக் கல்லீரல் முதலில் அடி வாங்குவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய் செல் வரிசையில் இந்தக் கடத்திகள் மிகக் குறைவு. கல்லீரல் செல்தானே என்று ஹெப்ஜி2-வில் மைக்ரோசிஸ்டினை ஊற்றி, கிட் போட்டு, ஒன்றும் ஏறவில்லை, கிட் சரியில்லை என்று புலம்புபவர்களை நிறையப் பார்க்கிறேன். கிட் சரியாகத்தான் சொல்கிறது, நச்சு உள்ளேயே போகவில்லை. வேறு சிலர் டோஸை ஏற்றிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு அதை எழுதிவிடுகிறார்கள், அந்த டோஸ் எந்தக் கல்லீரலும் எந்நாளும் சந்திக்காத டோஸ். புதிதாகப் பிரித்தெடுத்த கல்லீரல் செல்லை எடுங்கள், அதிலும் வளர்ப்புத் தட்டில் நாளாக ஆக இந்தக் கடத்திகள் குறைந்துகொண்டே போகும், அதனால் சீக்கிரம் பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் ஓஏடிபி ஜீனைச் சேர்த்த செல் வரிசையை எடுங்கள், சேர்க்காத அதே செல்லைப் பக்கத்தில் கன்ட்ரோலாக வையுங்கள். இந்த ஜோடியில் அனெக்சின் ஓட்டிப் பார்த்தால் ஒன்றில் கூட்டம் நகரும், இன்னொன்று அசையாமல் நிற்கும். கிட் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான்.

மைக்ரோசிஸ்டினில் இன்னொரு சிக்கல், மைக்ரோஸ்கோப் நம்மை நன்றாக ஏமாற்றும். செல்லின் எலும்புக்கூடு குலைந்ததும் சவ்வில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பாடப்புத்தகத்தில் அப்போப்டோசிஸ் என்று போட்டிருக்கும் படம் மாதிரியே இருக்கும். ஆனால் கொப்புளம் வந்த எல்லாச் செல்லும் பச்சையாவதில்லை, டோஸையும் நேரத்தையும் பொறுத்து மாறுகிறது. ஆக, கண்ணால் பார்த்து எண்ணியதையும் கிட் எண்ணியதையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், வடிவம் குலைவது எப்போது, சாவு தொடங்குவது எப்போது என்று பிரித்துப் பார்க்கலாம். கிட் வாங்கியதற்கு இது ஒன்றே போதும் என்று சொல்லும் அளவுக்குப் பயனுள்ள தகவல் அது.

மெய்டோடாக்சின் பக்கம் போனால் கவனம். காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி தயாரிப்பது, மூலக்கூறு எடை மூவாயிரத்து நானூறுக்கு மேல், செல்லுக்குள் கால்சியத்தை வெள்ளமாகப் பாய்ச்சும். ஃபாஸ்ஃபாடிடைல்செரீனை வெளியே புரட்டும் புரதங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. எக்ஸ்கேஆர்8 என்பது அப்போப்டோசிஸை நடத்தும் காஸ்பேஸ் என்சைம் வெட்டினால் வேலை செய்யும், அதுதான் அப்போப்டோசிஸ் வழி. டிஎம்இஎம்16எஃப் என்பது கால்சியம் ஏறினாலே போதும், காஸ்பேஸ் எதுவும் வேண்டாம். இரண்டையும் ஜப்பானில் ஷிகேகாஸு நகாதாவின் குழு கண்டுபிடித்தது, 2010-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. இப்போது யோசித்துப் பாருங்கள், கால்சியத்தை ஏற்றும் நச்சைக் கொடுத்த செல்லில் அனெக்சின் பச்சையாக ஏறினால் அது அப்போப்டோசிஸ் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. கிட்டின் பெட்டி மேல் அப்போப்டோசிஸ் டிடெக்‌ஷன் என்று அச்சடித்திருப்பதால் மட்டும் அது அப்போப்டோசிஸ் ஆகிவிடாது. இங்கே காஸ்பேஸ் தடுப்பான் போட்ட சாம்பிள் ஒன்று கட்டாயம் வேண்டும். தடுப்பான் போட்டதும் பச்சை இறங்கினால் காஸ்பேஸ் வழி, இறங்காமல் அப்படியே நின்றால் வேறு வழி. தடுப்பான் கிட்டோடு வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். கூடவே ஒரு சின்னக் குப்பியில் கொடுத்தால் எவ்வளவோ தவறான முடிவுகள் குறையும் என்று தோன்றுகிறது.

பாலிடாக்சினுக்கு இதை நம்பி இறங்காதீர்கள். செல்லின் சோடியம் பொட்டாசியம் பம்ப்பைத் திறந்த ஓட்டையாக மாற்றிவிடும் நச்சு அது, அளவு கொஞ்சம் கூடினாலும் சவ்வு சீக்கிரமே விட்டுப்போகும், நீங்கள் சாம்பிளைக் கழுவி முடிப்பதற்குள் கூட்டம் மேலே போயிருக்கும். அதற்கு சவ்விலிருந்து கசியும் எல்டிஹெச் என்சைமை அளக்கும் சோதனை போதும், எளிதும்கூட. சீரம் கலந்த மீடியத்திலேயே எல்டிஹெச் இருக்கும் என்பதை மட்டும் மறக்காமல் வெறும் மீடியம் கன்ட்ரோலைக் கழித்துவிடுங்கள்.

சுத்தமான நச்சை விட்டுவிட்டு ஏரியில் அள்ளிய பாசிப் படலத்திலிருந்து எடுத்த சாறை நேராகச் செல்லில் போடுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்தச் சாற்றில் குளோரோஃபில், ஃபைகோசயனின், சில இனங்களில் ஃபைகோஎரித்ரின் எல்லாம் இருக்கும், எல்லாமே தாமாக ஒளிர்பவை. 488 நானோமீட்டர் லேசர் பட்டால் ஃபைகோஎரித்ரின் ஒளிரும் இடமும் புரோப்பிடியம் அயோடைடைப் படிக்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, குளோரோஃபில் இன்னும் சிவப்புப் பக்கம் போய் ஒளிரும், உங்கள் கருவியின் ஃபில்டர் அகலமாக இருந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். சாறு போட்டு சாயமே போடாத செல்லை ஒரு டியூபில் ஓட்டிப் பாருங்கள். அந்த டியூபிலேயே சிவப்பு ஏறியிருந்தால் அது நிறமி, சாவு அல்ல. பச்சையாகக் கலங்கிய சாறு போட்ட தட்டை நன்றாகக் கழுவிய பிறகும் செல்களின் மேல் மெல்லிய பசை மாதிரி ஒட்டியிருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம், எனவே கழுவுவதில் சிக்கனம் வேண்டாம். நாலு கன்ட்ரோலுக்குப் பதில் ஐந்து கன்ட்ரோல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கையேட்டில் இந்த ஐந்தாவது இருக்காது.

மீன் செல்களில் வேலை செய்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. ஃபாஸ்ஃபாடிடைல்செரீன் மனிதச் செல்லிலும் மீன் செல்லிலும் ஒன்றுதான், அதனால் இந்த இனத்துக்குப் பொருந்துமா, அந்த இனத்துக்குப் பொருந்துமா என்று ஆன்டிபாடி தேடி அலையும் தலைவலி இல்லை. ரெயின்போ டிரவுட் மீனின் செவுளிலிருந்து உருவாக்கிய ஆர்டிகில்-டபிள்யூ1 செல் வரிசையைப் பலர் பயன்படுத்துகிறார்கள், 2021-ல் ஓஇசிடி என்ற சர்வதேச அமைப்பு அதை வைத்து 249 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டி முறையே வெளியிட்டது. அந்த முறையில் வளர்சிதை மாற்றம், சவ்வு, லைசோசோம் என்று மூன்று சாயங்களால் மூன்று இடங்களைப் பார்க்கிறார்கள், அனெக்சின் அதில் இல்லை. ஒரு பொருள் மீன் செல்லைக் கொல்லுமா, எந்த அளவில் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் அந்த மூன்று சாயமே போதும், இந்தக் கிட் தேவையில்லை. எப்படிக் கொல்கிறது என்ற கேள்வி வரும்போது அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் செல்கள் 19 டிகிரி செல்சியஸில் வளர்பவை, கிட்டின் கையேடு 37 டிகிரி செல்லை மனதில் வைத்து எழுதியது, மீன் செல்லில் எல்லாம் மெதுவாக நடக்கும், ஆகவே நேரப்புள்ளிகளைக் கையேட்டிலிருந்து எடுக்காமல் நீங்களே பார்த்து வையுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். கையேடு பற்றி ஏற்கெனவே புலம்பியாயிற்று, இன்னும் ஒன்று: பாசிட்டிவ் கன்ட்ரோல் (கண்டிப்பாகச் சாயம் ஏற வேண்டிய ஒப்பீட்டு சாம்பிள்) குப்பி பெரும்பாலான கிட்களில் இல்லை. அப்போப்டோசிஸை உண்டாக்கும் ஸ்டாரோஸ்போரின் கொடுத்த செல்லும், சூடு படுத்திக் கொன்ற செல்லும் இல்லாமல் கட்டங்களின் கோட்டை எங்கே போடுவது? கோட்டை ஒரு விரல் அகலம் தள்ளினால் அப்போப்டோசிஸ் சதவீதம் இரட்டிப்பாகும், அதை வைத்து யாரோ நச்சின் பாதுகாப்பு அளவைப் பற்றிப் பேசுவார்கள். இது சின்ன விஷயமே இல்லை. எஃப்ஐடிசியும் புரோப்பிடியம் அயோடைடும் ஒன்றின் ஒளி இன்னொன்றின் சேனலில் கசிவதால் ஒற்றைச் சாய டியூப்களும் வேண்டும், அதைத் தவிர்க்க விரும்பினால் தூர சிவப்பில் ஒளிரும் சாயம் ஒட்டிய அனெக்சின் கிடைக்கிறது, இரண்டாவது லேசர் இருக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதையே வாங்குங்கள், கசிவு பெரும்பாலும் ஒழிந்துவிடும். நிறமி நிறைந்த பாசிச் சாறு என்றால் மட்டும் யோசித்து வாங்குங்கள், குளோரோஃபில் அந்தப் பக்கமும் வந்து நிற்கும்.

டெலிவரி பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விற்பனையாளரிடம் வாங்கியபோது ஐஸ் பேக் முழுவதும் உருகி, பெட்டி வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது. கேட்டதற்கு அறை வெப்பநிலையில் சில நாள் தாங்கும் என்று பதில் வந்தது. ஸ்டாரோஸ்போரின் கொடுத்த செல்லில் பழைய கிட்டையும் இதையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்ததில் புதியதில் பச்சைக் கூட்டம் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு மங்கலாக இருந்தது. அந்த இரண்டு படங்களையும் அனுப்பிய பிறகுதான் மாற்றித் தந்தார்கள். அனெக்சின் ஒரு புரதம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருட்டில் இருக்க வேண்டியது, ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பெட்டி வந்ததும் முதல் வேலையாகத் தெரிந்த கன்ட்ரோலில் ஓட்டி, அந்தப் படத்தைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள், பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட ஒன்று இருக்கும்.

பாதுகாப்பும் ஒரு வரி. புரோப்பிடியம் அயோடைடு டிஎன்ஏவில் ஒட்டும் பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நச்சை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைத்திருந்தால் இன்னும் கவனம், அது தோலைத் தாண்டி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டி முடித்த டியூப்களில் நச்சும் சாயமும் சேர்ந்தே இருக்கும், சாதாரண சிங்க்கில் கொட்டக் கூடாது, சைட்டோமீட்டரின் கழிவுக் குடுவைக்கும் இது பொருந்தும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

யார் வாங்கலாம் என்றால், நச்சு எது என்று தெரிந்து, அது செல்லுக்குள் போகிறது என்று உறுதி செய்துகொண்டு, நேர வரிசையில் சாம்பிள் எடுக்கத் தயாராக இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம், கூடவே காஸ்பேஸ் தடுப்பானையும் ஒரு எல்டிஹெச் கிட்டையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். தண்ணீரில் நச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவர்களுக்கு இது வேண்டாம், நச்சை ஆன்டிபாடியால் பிடித்து அளக்கும், மைக்ரோசிஸ்டினுக்கான எலிசா கிட்தான் அவர்களுக்கு வேண்டியது, அது வேறு பொருள், வேறு விமர்சனம். முதல் தடவை வாங்குபவர்கள் சின்ன அளவுப் பெட்டியே வாங்குங்கள். கழற்றும் முறை, கட்டக் கோடு, நேரப்புள்ளி இந்த மூன்றும் உங்கள் செல்லுக்குப் படிந்த பிறகு பெரிய பெட்டிக்குப் போகலாம், திறந்த அனெக்சின் குப்பி நாள்பட்டால் மங்கத்தான் செய்யும்.